வசதி யாருடையது? சீன மொழி மாணவரும் ‘கன்வீனியன்ட்’ என்ற ஆங்கிலப் பெயரடையும்

1. கேள்வி

சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் ஒருவர், தம் ஆங்கிலப் பேராசிரியரைச் சந்திக்க நேரம் கேட்டு மின்னஞ்சல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முறையாக இலக்கணம் பயின்றவர். காலமும் ஒருமை பன்மையும் பிசகாமல் எழுதக்கூடியவர். மரியாதை குறைந்துவிடக் கூடாது என்ற அக்கறையும் அவருக்கு உண்டு. கடிதத்தை ‘ப்ளீஸ் லெட் மீ நோ வென் யூ ஆர் கன்வீனியன்ட்’ என்று முடிக்கிறார். தங்களுக்கு எப்போது வசதி என்று சொல்லுங்கள் என்பது அவர் கருத்து. பேராசிரியருக்குக் கருத்து விளங்கிவிடும். ஆனாலும் வாக்கியம் உறுத்தும். ‘வென் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ’ என்று சிவப்பு மையில் திருத்துவார். ஏன் என்று கேட்டால், இந்தச் சொல்லுக்கு ஆள் எழுவாயாக வராது என்பார். மாணவர் விதியைக் குறித்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து அதே பிழையை மறுபடியும் எழுதுவார்.

கற்றவர்கள் விதி தெரிந்த பின்னும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடறினால், காரணத்தைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ‘கன்வீனியன்ட்’ என்ற சொல் சீன மொழியினருக்கு ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதுவரை தரப்பட்டுள்ள விளக்கங்களைப் பார்த்து, இரு மொழிச் சொற்களின் வரலாற்றையும் அன்றாடப் பயன்பாட்டையும் எடைபோட்டு, வகுப்பறைத் திருத்தம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று ஆராய்வது நோக்கம். சிக்கல் இலக்கணத்தில் தொடங்கினாலும் அதன் வேர் அகராதியில் இருக்கிறது என்பதே என் வாதம்.

2. இதுவரையிலான விளக்கங்கள்

தாய்மொழியின் தாக்கத்தைப் பற்றிய முறையான சிந்தனை, ராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூலோடு வலுப்பெற்றது. தாய்மொழியும் கற்கும் மொழியும் ஒத்துப்போகும் இடம் எளிது, வேறுபடும் இடம் கடினம் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். இந்தக் கண்ணோட்டத்தில் நம் மாணவரின் வாக்கியம் வெறும் குறுக்கீடு. பழைய பழக்கம் புதிய மொழியில் வந்து நுழைந்ததன் விளைவு.

பத்தாண்டு கழித்து, 1967இல், பிட் கார்டர் வேறொரு பார்வையை முன்வைத்தார். மாணவரின் பிழை, அவர் மனத்தில் உருவாகிவரும் ஒழுங்கு ஒன்றைக் காட்டும் சான்று என்றார். 1972இல் லாரி செலிங்கர் அந்த ஒழுங்குக்கு ‘இடைமொழி’ என்ற பொருளில் பெயரிட்டார். தாய்மொழியும் ஆகாமல் கற்கும் மொழியும் ஆகாமல் தனக்கென விதிகள் கொண்ட மொழி அது. கற்பவர் பலரிடம் அது ஓரிடத்தில் உறைந்துபோய்விடுகிறது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் பிழை அத்தகைய உறைவுதான்.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது, சொற்கள் மனத்தில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பதைப் பற்றி நன் ஜியாங் செய்த ஆய்வு. இரண்டாம் மொழிச் சொல்லைக் கற்கும்போது ஒலியும் எழுத்தும் புதிதாகப் பதிகின்றன. பொருளோ பெரும்பாலும் தாய்மொழிச் சொல்லிடமிருந்து கடனாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதம். சீன மொழியில் வினாவையும் சிக்கலையும் ‘வென்தீ’ என்ற ஒரே சொல் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அவை குவெஸ்சன், பிராப்ளம் என இரண்டு. இப்படி ஒரே சீனச் சொல்லால் மொழிபெயர்க்கப்படும் ஆங்கில இணைகளையும், அப்படி அமையாத இணைகளையும் சீன மாணவர்களுக்குக் காட்டிச் சோதித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மொழிபெயர்ப்பைப் பகிரும் இணைகளே பொருளில் நெருங்கியவை என்று அம்மாணவர்கள் மதிப்பிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம் அந்தச் சாய்வு தென்படவில்லை. ஆங்கிலச் சொல்லுக்குள் சீனச் சொல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

இந்த விளக்கங்கள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் இவற்றில் எது ‘கன்வீனியன்ட்’ விஷயத்தில் முதன்மையானது என்று முடிவுசெய்ய, அந்தச் சொல்லையும் அதன் சீன இணையையும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

3. ஆங்கிலச் சொல்: பொருந்தி வருவது

‘கன்வீனியன்ட்’ லத்தீனிலிருந்து வந்த சொல். அதன் மூலவினை கூடிவருதல், ஒத்துவருதல் என்ற பொருள் கொண்டது. ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்தபோது தகுந்தது, முறையானது என்ற பொருளே அதற்கு மேலோங்கியிருந்தது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், தகாத செயல்களைக் குறிக்கும் இடத்தில் இச்சொல் எதிர்மறையோடு நிற்கிறது. இன்றைய ஆங்கில வாசகர் அந்த வரியைப் படித்தால் தடுமாறுவார். தகுதி என்ற பொருள் வழக்கொழிந்து, சிரமம் குறைப்பது என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது.

பொருள் மாறினாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஒன்று இன்னொன்றுக்குப் பொருந்தி வருகிறது. அளக்கப்படுவது நேரம், இடம், கருவி, ஏற்பாடு. அளவுகோலாக நிற்பவர் மனிதர். எனவே ‘நாலு மணி கன்வீனியன்ட்’ என்று சொல்லலாம். அது யாருக்கு என்பதை ‘ஃபார் மீ’ என்று பின்னால் சேர்க்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் ஒரு வீடு ரயில் நிலையத்துக்கு ‘கன்வீனியன்ட்’ என்றால், எளிதில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அங்கேயும் எழுவாய் வீடுதான். அதில் குடியிருப்பவர் அல்லர்.

ஆள் எழுவாயாக வரவே வராதா என்றால், வரும். பக்கத்துத் தெருவில் மின்பணியாளர் ஒருவர் இருக்கிறார், கூப்பிட்டால் உடனே வருவார் என்பதைச் சொல்ல, அவரையே எழுவாயாக்கி ‘கன்வீனியன்ட்’ என்று ஆங்கிலேயர் சொல்லக்கூடும். ஆனால் அங்கே அவர் வசதியை அனுபவிப்பவராக வரவில்லை. பிறர் பயன்படுத்திக்கொள்ளும் வசதியாக வருகிறார். பேராசிரியரின் காதில் மாணவரின் வாக்கியம் உறுத்தியதன் காரணம் இதுதான். ‘நீங்கள் எப்போது எனக்குக் கைக்கு எட்டும் பொருளாக இருப்பீர்கள்’ என்ற சாயல் அதில் ஒட்டிக்கொள்கிறது. மரியாதை செலுத்த முயன்ற சொல்லே மரியாதையைக் குறைத்துவிடுகிறது.

எழுவாய் இடத்தில் நிற்பவர் செய்பவரா, செய்யப்படுபவரா என்ற மயக்கம் ஆங்கிலக் குழந்தைகளையும் விடுவதில்லை. கரோல் சோம்ஸ்கி 1969இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐந்து வயது முதல் பத்து வயது வரையிலான 40 குழந்தைகளிடம் அவர் பல சோதனைகள் நடத்தினார். அவற்றில் ஒன்றில் கண் கட்டப்பட்ட பொம்மையைக் காட்டி, இது ‘ஈசி டு சீ’யா, ‘ஹார்ட் டு சீ’யா என்று கேட்டார். கண்முன்னே இருக்கும் பொம்மையைப் பார்ப்பது எளிது என்பதே சரியான விடை. சிறு குழந்தைகள் பலர் கடினம் என்றார்கள். எளிதாக்கிக் காட்டு என்றதும் பொம்மையின் கண்கட்டை அவிழ்த்தார்கள். பொம்மைதான் பார்க்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘கன்வீனியன்ட்’ இந்தப் பெயரடைகளின் உறவுக்காரச் சொல். தாய்மொழியினரே ஆண்டுக்கணக்கில் வளர்ந்து பிடிக்க வேண்டிய நுட்பத்தை, வெளியிலிருந்து வருபவர் ஒற்றை விதியில் பிடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

4. சீனச் சொல்: உபாயத்திலிருந்து அன்றாடத்துக்கு

சீன மாணவர் கையில் இருக்கும் சொற்பட்டியலில் ‘கன்வீனியன்ட்’டுக்கு எதிரே ‘ஃபாங்பியென்’ என்று இருக்கும். இரண்டு எழுத்துகளால் ஆன சொல் அது. முதல் எழுத்துக்கு முறை, வழி என்ற பொருளும் இரண்டாவதற்கு இலகு, இசைவு என்ற பொருளும் உண்டு.

இச்சொல்லின் வரலாற்றில் தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஒரு சொல் நிற்கிறது. பௌத்த நூல்கள் சீனத்துக்கு வந்தபோது, ‘உபாயம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை மொழிபெயர்க்க ‘ஃபாங்பியென்’ பயன்பட்டது. சாம, பேத, தான, தண்டம் என்று நாம் சொல்லும் அரசியல் உபாயத்தின் அதே சொல்தான். பௌத்தத்தில் அது கேட்பவரின் நிலைக்கேற்ப உண்மையை உணர்த்தும் திறனைக் குறித்தது. தாமரை சூத்திரத்தை கி.பி. 286இல் மொழிபெயர்த்த தர்மரட்சர், அதன் இரண்டாம் அதிகாரத்துக்கு ‘ஷான்ச்சுவான்’ என்ற சொல்லால் தலைப்பிட்டார். கி.பி. 406இல் சாங்கான் நகரில் அதே நூலை மீண்டும் மொழிபெயர்த்த குமாரஜீவர் ‘ஃபாங்பியென்’ என்று தலைப்பிட்டார். குமாரஜீவரின் மொழிபெயர்ப்பே கிழக்காசியாவெங்கும் ஓதப்படும் பாடமாக நிலைத்தது. தீப்பிடித்த வீட்டுக்குள் விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளை, வண்டி வாங்கித் தருவதாகச் சொல்லித் தகப்பன் வெளியே வரவழைக்கும் கதை அந்நூலில்தான் வருகிறது. உபாயத்துக்கு அதைவிடப் பெயர்பெற்ற உவமை இல்லை.

பௌத்தத்தின் தடம் இன்றைய பேச்சிலும் உண்டு. ஒருவருக்கு விதியைச் சற்றுத் தளர்த்தி வழிவிடுவதை ‘ஃபாங்பியென்’ செய்வது என்பார்கள். பிறருக்கு வழிவிட்டால் தனக்கும் வழி பிறக்கும் என்ற பழமொழி இச்சொல்லை வைத்தே அமைந்தது. மன்னிப்பும் கருணையும் கலந்த ஒரு வெப்பம் இச்சொல்லில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்த வெப்பம் இல்லை.

அன்றாட வழக்கில் ‘ஃபாங்பியென்’ விரியும் பரப்பு பெரிது. உடனடி நூடுல்ஸுக்குச் சீனப் பெருநிலத்தில் ‘ஃபாங்பியென் மியென்’ என்று பெயர். கையில் பணம் இல்லை என்பதை, கை ‘ஃபாங்பியென்’ இல்லை என்று நாசூக்காகச் சொல்வார்கள். முதியவருக்கு நடக்க முடியவில்லை என்பதை, கால் ‘ஃபாங்பியென்’ இல்லை என்பார்கள். தொலைபேசியில் பேச முடியாத இடத்தில் இருப்பவர், நான் இப்போது ‘ஃபாங்பியென்’ இல்லை என்று முடித்துவிடுவார். எதிர்முனையில் இருப்பவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். கழிப்பறைக்குப் போவதற்கும் இதே சொல் இடக்கரடக்கல். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பொதுக் கழிப்பறையைப் ‘பப்ளிக் கன்வீனியன்ஸ்’ என்று சொன்னது நினைவுக்கு வரலாம். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே அந்த ஓரிடத்தில் கைகோத்திருக்கின்றன.

இவற்றில் நூடுல்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பணம், கால், பேச்சு என எதுவானாலும், மனிதர் ஒருவர் தடையின்றி இயங்க முடிகிறதா என்பதே கேள்வி. ‘கன்வீனியன்ட்’ பொருளின் பொருத்தத்தை அளக்கிறது. ‘ஃபாங்பியென்’ பொருளின் பொருத்தத்தோடு மனிதரின் இயங்கு நிலையையும் அளக்கிறது. நம் மாணவரின் பிழை இந்த இரண்டாவது பாதியிலிருந்து பிறக்கிறது.

5. இரண்டு விளக்கங்கள், ஒரு தேர்வு

ஆள் எழுவாயாக வருவதற்குச் சீன இலக்கணத்தின் வழியாக ஒரு விளக்கம் தரலாம். சாவ் யுவான் ரென் 1968இல் எழுதிய பேச்சுச் சீன இலக்கண நூலில், சீன வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் பேசுபொருளே என்று வாதிட்டார். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் வைத்து, அதைப் பற்றிய கருத்தை அடுத்துச் சொல்வது சீன வழக்கு. 1976இல் சார்லஸ் லி, சாண்ட்ரா தாம்ப்சன் இருவரும் இதை மொழிகளின் வகைப்பாடாகவே விரித்து, ஆங்கிலத்தை எழுவாய் முதன்மை மொழி என்றும் சீனத்தைப் பேசுபொருள் முதன்மை மொழி என்றும் பிரித்தார்கள்.

‘யானை, மூக்கு நீளம்’ என்பது சீன இலக்கண வகுப்புகளில் வாடிக்கையாக வரும் வாக்கியம். சீனத்தில் தும்பிக்கையும் மூக்குதான். யானை அங்கே வெறுமனே முன்னால் நிற்கிறது. வேற்றுமை உருபு எதுவும் இல்லை. தமிழில் நாம் ‘யானைக்குத் தும்பிக்கை நீளம்’ என்போம். நான்காம் வேற்றுமை வந்து யானைக்கும் நீளத்துக்கும் உள்ள உறவைக் காட்டிவிடுகிறது. ‘நீ ஃபாங்பியென் மா’ என்ற சீன வினாவும் இப்படித்தான். முதற்சொல் நம் ‘நீ’ போலவே ஒலிக்கும், பொருளும் அதுவே, தற்செயலான ஒற்றுமை. கடைசியில் வரும் ‘மா’ நம் வினா ஆகாரத்தின் வேலையைச் செய்கிறது. நடுவில் ‘இரு’ என்ற இணைப்பு வினை இல்லை, ‘உனக்கு’ என்ற உருபும் இல்லை. ‘உன்னைப் பொறுத்தவரை, வசதியா?’ என்று விரித்துக்கொள்ளலாம். மாணவர் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, ஆங்கிலத்தில் ‘ஆர்’ வேண்டும் என்று கற்றதை மறக்காமல் சேர்க்கிறார். ‘ஆர் யூ கன்வீனியன்ட்?’ பிறக்கிறது. கற்ற விதியைக் கவனமாகப் பின்பற்றியதன் விளைவு அது.

இந்த விளக்கம் அழகானது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் இதை மட்டும் ஏற்றால், உருபைச் சரிசெய்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வருவோம். வகுப்பறையின் சிவப்பு மை அந்த முடிவில்தான் நிற்கிறது. சான்றுகளை மேலும் பார்த்தால் அது போதாது என்று தெரிகிறது.

முதல் சான்று: ‘நான் பேச ஃபாங்பியென் இல்லை’ என்ற வகை வாக்கியம் சீனத்தில் இயல்பானது. இங்கே ‘நான்’ பேசும் செயலைச் செய்பவரேதான். அவரை வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் பேசுபொருள் என்று மட்டும் சொல்ல முடியாது. ‘ஃபாங்பியென்’ இங்கே ‘முடியும்’ என்ற துணைவினையின் அருகே போய்விடுகிறது.

இரண்டாவது சான்று: இப்போது ‘ஃபாங்பியென்’ இல்லை என்ற சீனத் தொலைபேசி வாக்கியத்தை நல்ல ஆங்கிலத்தில் பெயர்த்தால் பெரும்பாலும் ‘கன்வீனியன்ட்’ வராது. இப்போது பேச முடியாது என்றோ, ஓய்வாக இல்லை என்றோ சொல்வார்கள். கைப்பணத்தைப் பற்றிய வாக்கியமும் காலைப் பற்றிய வாக்கியமும் அப்படியே. உருபைத் திருத்தி, ‘மை லெக்ஸ் ஆர் நாட் கன்வீனியன்ட் ஃபார் மீ’ என்று எழுதினால், இலக்கணம் சரியாகிப் பொருள் கெட்டுவிடும்.

தமிழ் வாசகர் இந்த வேறுபாட்டைத் தம் மொழியிலேயே உணர்ந்து பார்க்கலாம். ‘உங்களுக்குச் சௌகரியமா?’ என்றால் நேரமோ ஏற்பாடோ ஒத்துவருகிறதா என்று கேட்கிறோம். ‘சௌகரியமா இருக்கீங்களா?’ என்றால் நலம் விசாரிக்கிறோம். ‘வசதியானவர்’ என்றால் பணம் படைத்தவர். ஒரே சொல், ஆளை எழுவாயாக்கியதும் வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. உருபு நமக்கு அந்த எல்லையைக் காட்டுகிறது. சீனத்தில் ‘ஃபாங்பியென்’ அந்த எல்லையின் இரு பக்கமும் தடையின்றிப் போய்வருகிறது. காட்டிக்கொடுக்க உருபு இல்லை.

ஆகவே இரண்டு விளக்கங்களையும் இப்படி இணைத்துப் பார்ப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். பேசுபொருள் அமைப்பு, ஆளை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. சொல்லின் பொருள், அங்கே நிற்கும் ஆளின் நிலையையே வருணித்து அவரை அங்கேயே நிலைக்கச் செய்கிறது. இலக்கணம் கதவைத் திறக்கிறது. உள்ளே குடியிருப்பது சொற்பொருள். நன் ஜியாங்கின் ஆய்வு சொன்னதும் இதைத்தான்: ஆங்கில ஒலியின் கீழே தாய்மொழிப் பொருள் முழுப் பரப்போடு படுத்திருக்கிறது.

6. இலக்கணம் சரி, சொல் சரியில்லை

இந்த முடிவுக்கு ஒரு விளைவு உண்டு. பிழையே இல்லாத வாக்கியங்களிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்க வேண்டும். இருக்கிறது.

வாடகை வீட்டைப் பற்றி எழுதும் சீன மாணவர், ‘த டிராஃபிக் இஸ் கன்வீனியன்ட்’ என்று எழுதுவார். சீனத்தில் போக்குவரத்தைக் குறிக்கும் ‘ஜியாவ்தோங்’ என்ற சொல், பேருந்தும் ரயிலும் சாலையும் அடங்கிய முழு ஏற்பாட்டையும் சுட்டும். ஆங்கிலத்தில் ‘டிராஃபிக்’ என்றதும் சாலையை அடைத்து நிற்கும் வண்டிகள்தான் நினைவுக்கு வரும். எழுவாய் பொருள்தான், ‘இஸ்’ உண்டு, விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனாலும், பேருந்து நிறுத்தம் வாசலிலேயே இருக்கிறது என்று மாணவர் சொல்ல நினைத்தது, நெரிசல் வசதியாக இருக்கிறது என்று ஆங்கிலக் காதில் விழுகிறது. அந்த வீட்டையே எழுவாயாக்கி, அது நிலையத்துக்கு அருகில் இருக்கிறது என்றோ, எங்கும் எளிதில் போய்வரலாம் என்றோ சொன்னால்தான் கருத்து போய்ச் சேரும்.

மறுப்பிலும் இதே சிக்கல். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், சொல்ல ‘ஃபாங்பியென்’ இல்லை என்று சீனர் சொல்வது நாகரிகமான மௌனம். கேட்டவருக்கும் மனம் நோகாது. ‘இட் இஸ் நாட் கன்வீனியன்ட் டு சே’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் ஏதோ மறைக்கிறார் என்ற ஐயம் எழும். சொல்ல விரும்பவில்லை என்று நேரடியாகச் சொல்வதே அங்கே மென்மையானது.

ஐயம் எழுவதற்குக் காரணம், ஆங்கிலச் சொல்லுக்கு வேறொரு நிழல் இருப்பதுதான். உரிய நேரத்தில் நினைவு தப்பிப்போகிறவரைப் பற்றி, அந்த மறதி ‘கன்வீனியன்ட்’ என்று ஆங்கிலேயர் சொன்னால் அது குற்றச்சாட்டு. அன்பில்லாமல் ஆதாயத்துக்காகச் செய்யும் திருமணத்தைக் ‘கன்வீனியன்ஸ்’ திருமணம் என்பார்கள். தனக்கு ஒத்துவருவதை உண்மை என்று ஏற்பதில் உள்ள அறக்குறையை ஆங்கிலம் இச்சொல்லில் ஏற்றிவைத்திருக்கிறது. ‘ஃபாங்பியென்’ அந்த நிழலை அவ்வளவு எளிதில் ஏற்காது.

இதற்குக் கண்கூடான சான்று, பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஆல் கோர் தோன்றிய 2006ஆம் ஆண்டின் ஆவணப்படம். ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ என்பது அதன் ஆங்கிலத் தலைப்பு. தைவானில் அதற்கு, எதிர்கொள்ள விரும்பாத உண்மை என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்கள். சீனப் பெருநிலத்தில், புறக்கணிக்க முடியாத உண்மை என்று பொருள்படும் தலைப்பு வழங்கியது. இரண்டிலும் ‘ஃபாங்பியென்’ இல்லை. வகுப்பறைப் பட்டியல் சரியான இணை என்று சொல்லும் சொல்லை, பொறுப்புள்ள மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடங்களிலும் ஒதுக்கிவைத்தார்கள். ஆதாயத்துக்கான திருமணத்தைச் சீனத்தில் பெயர்க்கும்போதும் ‘ச்சுவான்யீ’ என்ற சொல்லுக்குப் போகிறார்கள். தற்காலிகத் தேவைக்கான ஏற்பாடு என்பது அதன் பொருள். அதன் முதல் எழுத்து, தர்மரட்சர் உபாயத்தைப் பெயர்க்கப் பயன்படுத்திய ‘ஷான்ச்சுவான்’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தேதான். உபாயத்தின் கருணை முகத்தை ‘ஃபாங்பியென்’ சுமக்க, கணக்குப் பார்க்கும் முகம் மற்றச் சொல்லின் பங்காயிற்று.

பிழைகளைத் தேடி வகைப்படுத்தும் ஆய்வுகளுக்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது. குய் ஷீசுன், யாங் ஹுய்சோங் ஆகியோர் 2003இல் வெளியிட்ட சீன மாணவர் ஆங்கிலத் தொகுப்பு சுமார் 10 லட்சம் சொற்கள் கொண்டது. பிழைகள் வகைவகையாகக் குறியிடப்பட்டது. சீன மாணவரின் ஆங்கிலத்தை ஊகத்திலிருந்து சான்றுக்கு நகர்த்தியதில் அத்தகைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இலக்கணம் பிசகாத, தொனி பிசகிய வாக்கியத்தைப் பிழைக்குறி எளிதில் பிடிக்காது. பிடிபடாத அந்த வாக்கியங்களில்தான் மாணவர் மனிதர்களை இழக்கிறார்.

7. வகுப்பறை விதியும் அதற்கு மாற்றும்

ஆள் எழுவாயாக வராது என்ற விதிக்கு மூன்று குறைகள். முதலாவது, அது முழு உண்மையல்ல. மின்பணியாளரின் எடுத்துக்காட்டு அதைக் காட்டியது. இரண்டாவது, எது வராது என்று சொல்லுமே தவிர, அந்த இடத்தில் எது வரும் என்று சொல்லாது. மூன்றாவது, போக்குவரத்து, மறுப்பு போன்ற இடங்களில் விதிக்கு வேலையே இல்லை.

மாணவருக்கு விதியைவிட ஒரு கேள்வி கைகொடுக்கும்: இங்கே அளக்கப்படுவது எது, மனிதரா ஏற்பாடா? நேரம், இடம், பொருள் அளக்கப்பட்டால் ‘கன்வீனியன்ட்’ பொருந்தும். யாருக்கு என்பதை ‘ஃபார்’ சேர்த்துச் சொல்லலாம். மனிதரின் நிலை அளக்கப்பட்டால், ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொற்கள் காத்திருக்கின்றன. நேரம் கேட்க ‘ஃப்ரீ’, ‘அவைலபிள்’ இரண்டும் ஆளை எழுவாயாக ஏற்கும். பேச முடியாவிட்டால் முடியாது என்ற வினையே போதும். பணமில்லையென்றால் ‘ஷார்ட் ஆஃப் மனி’. நடக்கச் சிரமம் என்றால் சிரமத்தையே சொல்ல வேண்டும். விதியைத் தளர்த்திக்கொள்ளக் கேட்பதானால் ‘ஃபேவர்’. சீனத்தில் ஒரே சொல் சுமக்கும் பாரத்தை ஆங்கிலம் ஆறு சொற்களுக்குப் பங்கிட்டிருக்கிறது என்று மாணவர் கண்டுகொண்டால், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பெயரடை மறுக்கும் இடத்தைப் பெயர்ச்சொல் திறந்துவிடுகிறது என்பதையும் காட்டலாம். ‘அட் யுவர் கன்வீனியன்ஸ்’ என்பது பழுதற்ற, மரியாதையான தொடர். அங்கே வசதி உங்களுடையது. நீங்களே வசதி ஆகிவிடவில்லை. நம் மாணவர் தேடிய பணிவு அந்தத் தொடரில் முழுமையாக இருக்கிறது. அவர் எழுதியதற்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் மாணவர் ஒருவர் கடக்கக்கூடிய தூரம்தான். யாராவது வழி காட்டியிருக்க வேண்டும்.

தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தும் போதனை முறையால் இது முடியாது. ‘ஃபாங்பியென்’ என்ற சொல்லை மேசைமீது எடுத்து வைத்து, அதன் ஒவ்வொரு பயன்பாட்டையும் பிரித்துப் பார்த்து, இதற்கு ஆங்கிலத்தில் என்ன, அதற்கு என்ன என்று கேட்க வேண்டும். மாணவரின் சொந்தச் சொல் எவ்வளவு வளமானது என்பதும் அப்போது தெரியவரும். பிழை செய்தவராக அல்லாமல், இரண்டு மொழிகளை ஒப்பிடத் தெரிந்தவராக அவர் எழுந்திருப்பார்.

8. முடிவு

‘ஆர் யூ கன்வீனியன்ட்?’ என்ற வாக்கியம் மூன்று அடுக்குகளில் உருவாகிறது. உருபில்லாத பேசுபொருள் அமைப்பு அடியில் இருக்கிறது. மனிதரின் இயங்கு நிலையைச் சொல்லும் ‘ஃபாங்பியென்’னின் பொருட்பரப்பு அதற்கு மேல். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இரண்டையும் சமன்செய்த சொற்பட்டியல் உச்சியில். முதல் இரண்டும் சீன மொழியின் இயல்பு. அவற்றைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மூன்றாவது நாம் செய்தது, ஆகவே நாம் மாற்றக்கூடியது.

மொழி கற்பிக்கும் எவருக்கும், சீன மாணவருக்கு ஆங்கிலம் கற்பிப்பவருக்கும் தமிழ் மாணவருக்கு எந்த மொழியைக் கற்பிப்பவருக்கும், இதிலிருந்து ஒரு வேண்டுகோள். சொல்லைத் தனியாகக் கொடுக்காதீர்கள். அது நிற்கும் வாக்கியத்தோடும், அது நிற்க மறுக்கும் வாக்கியத்தோடும் சேர்த்துக் கொடுங்கள். திருத்தும்போது, மாணவர் என்ன சொல்ல வந்தார் என்று முதலில் கேளுங்கள். அவர் வந்தது மரியாதை செலுத்த.